சான்று எங்கே?

ஒரே வகுப்பு. ஒரே வினா. மாணவர் பலர் ஒரே விடையை எழுதினர். அந்த விடை தவறு!

பக்கத்து இருக்கையை எட்டிப் பார்த்தனரா? இல்லை. அவரவர் தனித்தனியே, கண் விழித்துப் படித்தவர்கள்தாம். ஆனால் அத்தனை பேரும் படித்தது ஒரே பக்கம்!

அமெரிக்காவில், வெர்மாண்ட் மாநிலத்து மிடில்பரி கல்லூரியில், சப்பானிய வரலாற்று வகுப்பில் நடந்தது இது. 1637-இல் சப்பானின் சிமபாராவில் வெடித்த கிளர்ச்சிக்கு இயேசு சபைப் பாதிரிமார் துணை நின்றனர் என்று எழுதினர் மாணவர்கள். விரட்டப்பட்டோர் போக, எஞ்சிய சிலரும் ஒளிந்து வாழ்ந்த காலம் அது; கிளர்ச்சிக்குக் கை கொடுக்கும் நிலையில் அவர்கள் இல்லை என்றார் ஆசிரியர். பிழை பிறந்த இடம் எது? இணையத்துக் கலைக்களஞ்சியமாம் விக்கிப்பீடியா!

2007-இல் அக்கல்லூரியின் வரலாற்றுத் துறை ஒரு முடிவு செய்தது. விக்கிப்பீடியாவைப் படிக்காதே என்று கதவைச் சாத்தவில்லை. அதைச் சான்றாகக் காட்டாதே என்றது. எழுதுவதன் உண்மைக்கு நீயே பொறுப்பு என்றது.

எங்கோ நடந்த சேதி நமக்கெதற்கு என்கிறீர்களா? நம் வீட்டுச் சேதியும் இதுதான், தோழர்களே! ஆலைச் சங்கு ஊதி, அலுத்துக் களைத்து வீடு திரும்புகிறார் தந்தை. அவர் சட்டைப் பையிலிருக்கும் கைப்பேசி மகளின் கைக்கு மாறுகிறது. பள்ளியில் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். நூலகமோ தொலைவு; நூலோ விலை. விரல் பட்டதும் விரிகிறது பக்கம், காசும் கேட்பதில்லை. வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்கு அலமாரி நிறைய நூல் உண்டு, தனியே சொல்லித்தர ஆசிரியர் உண்டு. உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஒரு பக்கம்தான் நூலகம், அதுவேதான் ஆசிரியர். அது தவறினால் திருத்த யார் இருக்கிறார்? ஆகவேதான் கேட்கிறோம்: நம்பலாமா அதை?

‘தொடாதே’ என்பார் ஒரு சாரார். ‘அதில் இருக்கிறதே, அப்புறம் என்ன?’ என்பார் மற்றொரு சாரார். இருவரும் சிந்திக்கும் வேலையைப் பிறரிடம் விட்டுவிட்டவர்கள் என்போம் நாம்.

2001 சனவரி 15-இல் தோன்றியது விக்கிப்பீடியா. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்பது அதன் கொள்கை. அதன் வலிவும் அதுவே, நலிவும் அதுவே! 2005-இல் சான் சீகன்தாலர் என்ற மூத்த அமெரிக்கப் பத்திரிகையாளரை, கென்னடி உடன்பிறப்புகளின் கொலைகளோடு தொடர்புபடுத்தி எவரோ எழுதிவைத்தார். அவரோ இராபர்ட் கென்னடியிடம் பணியாற்றிய நண்பர். உடன் வேலை செய்பவரை ஏமாற்ற விளையாட்டாகச் செய்த வினை. நான்கு மாதங்களுக்கு மேல் அந்தப் பொய் அங்கேயே குடியிருந்தது!

அச்சிட்ட ஏடு மட்டும் அப்பழுக்கற்றதா? அதே 2005-இல் ‘நேச்சர்’ என்னும் அறிவியல் இதழ், 42 அறிவியல் தலைப்புகளை எடுத்து, விக்கிப்பீடியாவையும் பிரிட்டானிக்காவையும் அறிஞர்களிடம் கொடுத்து ஒப்பிட்டது. கட்டுரை ஒன்றுக்கு விக்கிப்பீடியாவில் ஏறத்தாழ நான்கு பிழை. பிரிட்டானிக்காவில் ஏறத்தாழ மூன்று. அந்தக் கணக்கே தவறு என்று பிரிட்டானிக்கா சீறியது உண்மை. ஆனாலும் தங்க எழுத்துப் பொறித்த அட்டைக்குள்ளும் தவறு இருக்கும் என்பதை உலகம் கண்டது. அச்சில் ஏறியதெல்லாம் உண்மை என்பது பழைய மயக்கம். திரையில் தெரிவதெல்லாம் உண்மை என்பது புதிய மயக்கம். உடை மாறியிருக்கிறது, மயக்கம் மாறவில்லை!

வழி என்ன? அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது வழி. வாக்கியத்தின் முடிவில் சிறு எண் ஒன்று இருக்கும். அதைத் தொட்டால், அந்தச் செய்தி எந்த நூலில், எந்த ஏட்டில், எந்த அறிக்கையிலிருந்து எடுக்கப்பட்டது என்று காட்டும். அங்கே செல்! மூலத்தைப் படி! எண்ணே இல்லையென்றால் ஐயப்படு. பக்கத்தின் வரலாற்றைத் திறந்தால், எப்போது எது மாற்றப்பட்டது என்ற கணக்கும் கிடைக்கும். களஞ்சியம் வாயில், வீடு அல்ல. வாயிலிலேயே படுத்து உறங்குபவன் வீட்டைக் கண்டவன் ஆவானா?

தமிழருக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. ஆங்கில விக்கிப்பீடியாவில் 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள். அவற்றைக் காக்கக் கண்கள் ஏராளம். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேல். ஆனால் காவல் நிற்கும் கண்கள் குறைவு. கண்கள் குறைந்தால் என்ன ஆகும்? ஸ்காட்லாந்து மக்களின் ஸ்காட்ஸ் மொழியைக் கேளுங்கள்! அம்மொழி சரிவரத் தெரியாத அமெரிக்க இளைஞர் ஒருவர், கெட்ட எண்ணம் ஏதுமின்றியே, ஆயிரக்கணக்கான கட்டுரைகளை ஆண்டுக்கணக்கில் அதில் எழுதிக் குவித்தார். 2020-இல்தான் அது உலகுக்குத் தெரிந்தது. காவலற்ற வயலில் களை வளரத்தான் செய்யும்.

பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1954-இல் தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி வெளிவந்தபோது, எழுதுவோர் அறிஞர், படிப்போர் மாணவர் என்ற எல்லை இருந்தது. இன்று அந்த எல்லை இல்லை. பிழையைக் கண்ட மாணவர், சான்று காட்டி அன்றே திருத்தலாம். நம்புவதா வேண்டாமா என்பதோடு நிற்க வேண்டியதில்லை. நம்பத் தக்கதாக ஆக்கும் உரிமையும் நம் பிள்ளைகளுக்கு உண்டு!

தந்தை கல்லூரி வாசல் மிதித்திருக்க வேண்டியதில்லை. ஆங்கிலமும் அறிந்திருக்க வேண்டியதில்லை. இன்றிரவு மகள் கட்டுரை எழுதி முடித்ததும், பக்கத்தில் அமர்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: “இதுக்குச் சான்று எங்கேம்மா?”

அந்தக் கேள்வி பழகிய பிள்ளையை எந்தப் பக்கமும் ஏமாற்ற முடியாது. எந்த மேடையும் ஏமாற்ற முடியாது. நாளை, நாம் எழுதும் இந்த ஏட்டை நோக்கியும் அவள் அதையே கேட்பாள். கேட்கட்டும்! பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் நாம்.