எஸ்எல்சி 500: பழைய பிஎல்சியை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு

ஆலன்-பிராட்லியின் எஸ்எல்சி 500 பிஎல்சி 1990களின் தொடக்கத்தில் வந்தது. ஆலன்-பிராட்லியை ராக்வெல் 1985இலேயே வாங்கிவிட்டது என்றாலும், பேனலைத் திறப்பவர்கள் இன்றும் ‘ஏபி பிஎல்சி’ என்றுதான் சொல்கிறார்கள். கன்வேயர், பேக்கிங் லைன், நீரேற்று நிலையம் போன்ற சிறிய, நடுத்தர வேலைகளுக்கு வந்த வகை இது. இதன் பாகங்களில் பலவற்றின் தயாரிப்பு நின்றுவிட்டது. ஆனால் பெட்டி நிற்கவில்லை. ஓடுகிறவரை யாரும் அதைத் தொடுவதில்லை. சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் கையில் இருப்பது என்னவென்று தெரிய வேண்டும். கதவைத் திறந்து, பிராசசரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பாருங்கள். 1747 என்று தொடங்கினால் பெரும்பாலும் பிராசசரோ தகவல்தொடர்புப் பாகமோ. 1746 என்றால் ராக், பவர் சப்ளை, ஐ/ஓ கார்டு. பிராசசர் எண்ணில் ‘எல்’ என்ற எழுத்துக்குப் பின் வரும் மூன்று இலக்கங்களில் நடு இலக்கம்தான் வகையைச் சொல்கிறது: எல்532 என்றால் 5/03, எல்542 என்றால் 5/04, எல்552 என்றால் 5/05. கடைசி இலக்கம் நினைவகத்தைக் காட்டும். 5/04, 5/05 இரண்டிலும் 1 என்றால் 16கே, 2 என்றால் 32கே, 3 என்றால் 64கே. 5/03இல் மட்டும் 1க்கு 8கே, 2க்கு 16கே. பழைய பிராசசரை வாங்கப் போகும்போது இதைப் பார்க்காமல் பணம் கொடுத்துவிடாதீர்கள். 64கே புரோகிராம் 16கே பிராசசருக்குள் போகாது.

மூன்று வகைகளுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் வேகத்தில் இல்லை, பேசும் வழியில்தான். ஆயிரம் சொற்கள் கொண்ட புரோகிராமை ஒரு முறை படித்து முடிக்க 5/03 சுமார் 1 மில்லி நொடி எடுக்கும். 5/04, 5/05 சுமார் 0.9. யாருக்கும் தெரியாத வித்தியாசம் அது. ஆனால் 5/03 டிஎச்-485இல் பேசும், 5/04 டிஎச் பிளஸ்ஸில் பேசும், 5/05 ஈத்தர்நெட்டில் பேசும். மூன்றிலும் ஆர்எஸ்-232 போர்ட் ஒன்று உண்டு. 5/04 கெட்டுப்போய் அவசரத்துக்கு 5/05 போட்டால், லேடர் புரோகிராம் ஓடும். டிஎச் பிளஸ் வழியாகப் பக்கத்துப் பிஎல்சியோடு பேசிய செய்திகள் நின்றுவிடும்.

ஒரே பிராசசர் அதிகபட்சம் மூன்று ராக், 30 ஸ்லாட் வரை தாங்கும். ராக்குகள் 4, 7, 10, 13 ஸ்லாட்டுகளில் கிடைத்தன. காலி ஸ்லாட் இருக்கிறதே என்று புதுக் கார்டைச் செருகும் முன் பவர் சப்ளையைக் கணக்குப் பாருங்கள். பி1 சப்ளை 5 வோல்ட்டில் 2 ஆம்பியர்தான் தரும். பி2 5 ஆம்பியர், பி4 10 ஆம்பியர். ஒவ்வொரு கார்டும் எவ்வளவு எடுக்கிறது என்பது அதன் கையேட்டில் இருக்கும். கூட்டிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. இன்னொன்று: பவர் இருக்கும்போது இந்த ராக்கிலிருந்து கார்டைக் கழற்றக் கூடாது, செருகவும் கூடாது. புதிய கன்ட்ரோலர்களில் பழகியவர்கள் இதில்தான் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

பேட்டரி விஷயம் தனி. லேடர் புரோகிராம் பிராசசரின் ரேமில் உட்கார்ந்திருக்கிறது. பவர் போனால் அதைக் காப்பது ஒரு சிறிய லித்தியம் பேட்டரி, எண் 1747-பிஏ. அது தீர்ந்தால் பிராசசர் முகப்பில் ‘பேட்’ விளக்கு எரியும். லைன் ஓடிக்கொண்டே இருந்தால் அந்த விளக்கை யாரும் கண்டுகொள்வதில்லை. பண்டிகை விடுமுறைக்கு மெயினை இறக்கிவிட்டுப் போய், திரும்பி வந்து ஏற்றினால் புரோகிராம் இருக்காது. பேட்டரியை மாற்ற, பவரை நிறுத்திவிட்டுப் பிராசசரை ராக்கிலிருந்து கழற்ற வேண்டும். பேட்டரியைக் கழற்றிய நேரத்திலும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் 5/03 முதலான வகைகளில் அரை மணி நேரமாவது நினைவகத்தைத் தாங்கும். அதனால் பயப்பட ஒன்றுமில்லை.

பேட்டரியை மட்டும் நம்ப வேண்டாம் என்பவர்களுக்கு ஃபிளாஷ் மெமரி மாட்யூல் உண்டு. பிராசசருக்குள்ளேயே செருகப்படும் அது, பேட்டரி இல்லாமலும் புரோகிராமைக் காக்கும். ரேமில் பிழை வந்தால் அதிலிருந்து தானாக ஏற்றிக்கொள்ளச் சொல்லலாம். அதற்கு எஸ்:1/10 என்ற பிட்டை ஆன் செய்திருக்க வேண்டும். மாட்யூல் இருந்தும் இந்தப் பிட் ஆஃப் என்றால், அது பையில் கிடக்கும் சாவி மாதிரி: கதவைத் தானாகத் திறக்காது.

‘ஃபால்ட்’ விளக்கு மின்னி லைன் நின்றால், பிராசசரை மாற்றும் முன் எஸ்:6 என்ற சொல்லைப் படியுங்கள். பிழைக் குறியீடு அங்கே ஹெக்ஸ் (பதினாறடிமான) எண்ணாக இருக்கும். 0022 என்றால் ஸ்கேன் நேரம் வாட்ச்டாக் வரம்பைத் தாண்டிவிட்டது. 0020 என்றால் ஸ்கேன் முடிவில் ஒரு சிறு பிழைப் பிட் ஆன் ஆகியிருந்தது. பெரும்பாலும் கணக்கு வழிந்ததுதான் காரணம். இந்தப் பிஎல்சியின் முழு எண் 16 பிட். 32,767க்கு மேல் போகாது. உற்பத்தி எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போன வரி, பல வருடம் சாதுவாக இருந்துவிட்டு ஒரு நாள் லைனை நிறுத்தும். ‘ஃபோர்ஸ்’ விளக்கையும் பாருங்கள். நிலையாக எரிந்தால், யாரோ ஒரு உள்ளீட்டையோ வெளியீட்டையோ கட்டாயப்படுத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று பொருள். சர்வீஸ் முடிந்து அதை எடுக்க மறப்பது சகஜம், ஆபத்தும்கூட.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். இந்தப் பெட்டிக்கு ஸ்பேர் கிடைக்கும். பழைய பாகங்கள் விற்பவர்கள் இருக்கிறார்கள், பழுது பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நிறுவனத்தின் ஹார்டுவேர் கையேடும் இன்ஸ்ட்ரக்‌ஷன் தொகுப்புக் கையேடும் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றின் எண்கள் 1747-யுஎம்011, 1747-ஆர்எம்001. கிடைக்காதது வேறு: மெஷினைச் செய்து கொடுத்தவர் எழுதிய, குறிப்புகளோடு கூடிய புரோகிராம் கோப்பு. எஸ்எல்சி பிராசசருக்குள் லேடரும் தரவு மதிப்புகளும் மட்டுமே இருக்கும். விளக்கக் குறிப்பு, முகவரிகளுக்கு வைத்த பெயர், எதுவும் அதில் இல்லை. அவை கணினியில் உள்ள ஆர்எஸ்எஸ் கோப்பில்தான் வாழ்கின்றன. அந்தக் கோப்பு தொலைந்தபின் பிராசசரிலிருந்து அப்லோடு செய்தால் லேடர் வரும். ஆனால் என்7:43 என்ற முகவரியில் இருக்கும் 120 வெப்பநிலையா, பெட்டி எண்ணிக்கையா, டிகிரியா, நொடியா என்று எங்கேயும் எழுதியிருக்காது. கார்டிலிருந்து வயரைத் தொடர்ந்து போய் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க வேண்டியதுதான்.

எனவே இன்று செய்ய வேண்டியது ஒரு பேக்கப். மென்பொருள் ஆர்எஸ்லாஜிக்ஸ் 500. இணைப்புக்கு ஆர்எஸ்லிங்க்ஸ் கிளாசிக், அதன் லைட் பதிப்பு இலவசம். மைக்ரோ என்ற பெயரில் வரும் ஆர்எஸ்லாஜிக்ஸ் மைக்ரோலாஜிக்ஸ் வகைக்கு மட்டுமே, இங்கே உதவாது. மென்பொருளின் பழைய பதிப்புகள் உரிமச் சாவியை ஃபிளாப்பி டிஸ்கில் வைத்திருந்தன. அந்த ஃபிளாப்பி எங்கே என்று தேடுவதை விட, இன்றைய பதிப்பை வாங்குவது சில ஆலைகளில் மலிவாகவே முடிந்திருக்கும். கேபிள்: ஆர்எஸ்-232க்கு 1747-சிபி3, டிஎச்-485க்கு யுஎஸ்பி வழியாக 1747-யுஐசி, டிஎச் பிளஸ்ஸுக்கு 1784-யு2டிஎச்பி. எடுத்த பேக்கப்பை, ஏற்கெனவே இருக்கும் கோப்போடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு இரண்டு இடத்தில் வையுங்கள். ஒப்பிடாமல் பழைய கோப்பை டவுன்லோடு செய்தால், நடுவில் யாரோ ஆன்லைனில் செய்த திருத்தங்களும் ஓட்டிப் பார்த்து வைத்த செட்பாயிண்டுகளும் போய்விடும்.

5/05 வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அது பிறந்த காலத்தில் பாதுகாப்பு பற்றிய கவலை இல்லை. ஈத்தர்நெட் வழியாக வரும் கட்டளையை, யார் அனுப்பினார் என்று அது கேட்பதில்லை. அலுவலக நெட்வொர்க்கோடு அதை நேரடியாக இணைக்காதீர்கள். பிராசசர் முகப்பில் உள்ள சாவியை ‘ரன்’ நிலையில் வைத்துவிட்டுக் கழற்றிவிடுங்கள்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்க வேண்டியதில்லை. ராக்கின் முதல் ஸ்லாட்டில் பழைய பிராசசருக்குப் பதிலாக 1747-ஏஇஎன்டிஆர் அடாப்டரைப் போட்டால், பழைய 1746 கார்டுகளையும் வயர்களையும் அப்படியே வைத்துக்கொண்டு புதிய காம்பாக்ட்லாஜிக்ஸ் பிராசசரால் ஓட்டலாம். சில சிறப்பு மாட்யூல்கள் மட்டும் இதில் வராது. லேடரை மாற்றித்தரக் கருவி உண்டு; அதற்குச் சந்தேகம் வந்த இடத்தில் ‘பிசிஇ’ என்று குறி வைத்துவிட்டுப் போகும். அந்தக் குறிகளை ஒவ்வொன்றாகத் தீர்ப்பது மனிதரின் வேலை. குறி வைக்கப்படாத இடத்தில் ஒரு பொறி உண்டு: எஸ்எல்சி ஸ்கேனின் தொடக்கத்தில் உள்ளீடுகளைப் படித்துவிட்டு, ஸ்கேன் முடியும்வரை அந்த மதிப்புகளையே வைத்துக்கொள்ளும். புதிய பிராசசரில் உள்ளீடு ஸ்கேனின் நடுவிலேயே மாறிவிடும். மேல் வரியில் ஆன் ஆக இருந்த சென்சார் கீழ் வரியில் ஆஃப் ஆக இருக்கலாம். அதனால் மாற்றிய புரோகிராமில், தேவையான உள்ளீடுகளை முதலிலேயே தனிப் பிட்டுகளில் நகலெடுத்துவிட்டு, லேடர் முழுக்க அந்த நகல்களையே பயன்படுத்தச் சொல்லுங்கள். டைமர்களின் அடிப்படை புதியதில் மில்லி நொடி. மாற்றும் கருவி பெருக்கித் தந்ததா என்று ஒவ்வொரு டைமரையும், எச்எம்ஐ திரையில் ஆபரேட்டர் எழுதும் நொடி மதிப்புகளையும் சேர்த்துச் சரிபார்த்த பிறகே ஷட்டவுன் தேதியைக் குறியுங்கள்.