கேட்டுக்கு வெளியே நிற்கும் கையிருப்பு

ஒரகடம் இன்டர்ன்ஷிப் – 5

கார் தொழிற்சாலைக்குள் உதிரி பாகங்களை எவ்வளவு குறைவாக வைத்துக்கொண்டு வேலையை ஓட்டுகிறார்கள் என்று சென்ற வாரம் பார்த்தோம். லைன் ஓரத்து ரேக்கில் இரண்டு மணி நேரத்துக்கான ஹெட்லேம்ப், ஸ்டோர்ஸில் இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான். அப்படியானால் மீதி எங்கே? வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் ஒரகடத்தைத் தாண்டிப் போகிறவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள். சாலையோரம் வரிசைகட்டி நிற்கும் லாரிகளுக்குள் இருக்கிறது.

இந்த வாரம் அந்த லாரிகளைப் பற்றி.

ஏன் இத்தனை நடை?

ஒரு நிமிடத்துக்கு ஒரு கார் இறங்கும் லைனை எடுத்துக்கொள்வோம். காருக்கு இரண்டு ஹெட்லேம்ப் என்றால் மணிக்கு 120 வேண்டும். ஒரு டிராலியில் 24 அடங்கினால் 12 நிமிடத்துக்கு ஒரு டிராலி காலியாகும். எட்டு மணி நேர ஷிஃப்டுக்கு வேண்டியதை மொத்தமாக இறக்கினால் 40 டிராலி. இது ஒரே ஒரு பொருளுக்கு. சீட், பம்பர், டயர், ரேடியேட்டர், வயரிங் என்று எல்லாவற்றையும் இப்படி இறக்கி வைத்தால் லைனைவிட ஸ்டோர்ஸ் பெரிதாகிவிடும். பணமும் அங்கேயே முடங்கும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொண்டுவரச் சொல்கிறார்கள்.

சின்ன வெண்டர்களுக்கு லாரி நிறையும் அளவுக்குச் சரக்கு இருக்காது. அவர்களுக்காகத்தான் மில்க் ரன். ஒரே லாரி அம்பத்தூரில் ஒரு வெண்டர், திருமுடிவாக்கத்தில் ஒருவர், இருங்காட்டுக்கோட்டையில் இன்னொருவர் என்று சுற்றி, ஒவ்வொரு இடத்திலும் பாகங்கள் அடுக்கிய சில பின்களை (பெட்டிகளை) ஏற்றிக்கொண்டு ஒரகடம் வந்து சேரும். திரும்பும்போது காலி பின்களை அதே வரிசையில் இறக்கிக்கொண்டு போகும். லாரி நிறைந்து ஓடும், ஆலைக்கும் அளவாகச் சரக்கு வரும். காகிதத்தில் பார்க்கும்போது குறை சொல்ல முடியாத ஏற்பாடு.

தாமதம் என்ற பயம்

கையிருப்பைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சரக்கை வரவழைக்கும் இந்த முறையை இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஜப்பானில் வளர்த்தெடுத்தது டொயோட்டா. அதை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் தாயிச்சி ஓனோ. வேண்டிய பொருள், வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவு என்பது அதன் சாரம். அதில் ஒளிந்திருக்கும் ஆபத்தை உலகம் 1997 பிப்ரவரி 1-ஆம் தேதி பார்த்தது. டொயோட்டாவுக்கு ஒருவகை பிரேக் வால்வைக் கிட்டத்தட்ட முழுவதுமாகச் செய்து கொடுத்துவந்த ஐசின் நிறுவனத்தின் காரியா ஆலையில் அன்று தீப்பிடித்தது. கையிருப்பு சில மணி நேரத்துக்குத்தான் இருந்தது. உள்ளங்கையில் அடங்கும் அந்த வால்வு வராததால் ஜப்பானிலிருந்த டொயோட்டாவின் அசெம்பிளி லைன்களில் பெரும்பாலானவை சில நாட்கள் நின்றுபோயின.

அதனால்தான் 'லைன் ஸ்டாப்' என்ற சொல்லைக் கேட்டாலே லாஜிஸ்டிக்ஸ் துறையில் எல்லாருக்கும் வியர்க்கிறது. லைன் நின்றால் அந்த இழப்பு சரக்கு அனுப்பியவர் தலையில் விழும். ஆகவே எந்த வெண்டரும் சொன்ன நேரத்துக்குச் சரியாக வண்டியை அனுப்புவதில்லை, முன்னதாகவே அனுப்பிவிடுகிறார். காலை நெரிசல் நேரத்தில் நகரச் சாலைகளில் கனரக வண்டிகளுக்குத் தடை இருப்பதால், அதற்கு முன்பே கிளம்பிவிடுகிற வண்டிகளும் உண்டு. எல்லாரும் முன்னதாக வந்தால் எல்லாருக்கும் சரக்கு இறக்கும் டாக் எங்கே இருக்கும்? வரிசை நீள்கிறது.

ஒரு காலம் இல்லாத படிவம்

நான் பயிற்சிக்குப் போன ஆலையில் எனக்குக் கொடுத்த வேலை, லாரிகளின் 'டர்ன் அரவுண்ட் டைம்' கணக்கெடுப்பது. லாரி உள்ளே வந்ததிலிருந்து வெளியே போகும்வரை எவ்வளவு நேரம், அதில் எங்கே நேரம் வீணாகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். செக்யூரிட்டி கேபினில் ஒரு படிவம் கொடுத்தார்கள். வண்டி எண், வெண்டர் பெயர், இன்வாய்ஸ் எண், ஈ-வே பில் எண், கேட் இன், டாக் இன், டாக் அவுட், கேட் அவுட். ஸ்டாப்வாட்சோடு நின்று நிரப்பினேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்கள் கைதேர்ந்தவர்கள். டாக்கில் வண்டி நின்றதும் சரக்கு மளமளவென்று இறங்கியது. எண்கள் அழகாக வந்தன.

அம்பத்தூர் வண்டியின் டிரைவர் அண்ணன் ஒருவர் நான் எழுதுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீங்க எழுதுறது நான் கேட்டுக்குள்ள வந்த நேரம். நான் இங்க வந்தது விடியறதுக்கு முன்னாடி. அத எங்க எழுதுவீங்க?"

படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதற்குக் காலமே (கட்டமே) இல்லை. ஆலையின் கடிகாரம் கேட் திறந்த பிறகுதான் ஓடத் தொடங்குகிறது.

"வண்டிய விட்டு நகர முடியாதுப்பா. முன்னாடி வண்டி நகர்ந்தா நாமளும் நகரணும். கண்ணு அசந்தா பின்னாடி இருக்கறவன் பூந்துடுவான். டீ குடிக்கப் போறதுன்னாகூட கிளீனர உக்கார வெச்சிட்டுத்தான் போகணும். இப்ப பாதி வண்டில கிளீனரே கிடையாது."

கழிப்பறை எங்கே என்று நான் கேட்கவில்லை. சாலையோரத்துப் புதர்களைப் பார்த்தாலே தெரிந்தது. நிழலுக்கு வண்டியின் அடிப்பகுதிதான். வரிசையில் நின்ற டாடா ஏஸ் டிரைவர்களுக்கு அதுவும் இல்லை. குட்டி யானை என்று அழைக்கப்படும் அந்தச் சின்ன வண்டிக்கு அடியில் ஆள் படுக்க முடியாது.

யார் சுமக்கும் சரக்கு?

கையிருப்பைக் குறைத்தோம் என்று ஒரு ஆலை சொல்லும்போது, சரக்கு இருக்கும் இடம்தான் பல நேரம் மாறியிருக்கிறது. கிடங்குக்குக் கொடுத்திருக்க வேண்டிய வாடகையை டிரைவர் தன் தூக்கத்தால் கொடுக்கிறார். ஜப்பானிலேயே 1990-களின் தொடக்கத்தில், அடிக்கடி ஓடும் சிறு லோடு லாரிகளால் சாலைகள் நெரிகின்றன, காற்று கெடுகிறது என்ற விமர்சனம் எழுந்தது. ஆலைக்குள் மிச்சப்படுத்தியதற்கு ஊர் செலவழிக்கிறது என்பதுதான் அந்த விமர்சனத்தின் உட்பொருள்.

நம் நாட்டில் 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு வரம்பு வைத்தது. முனையத்தில் வெறுமனே காத்திருக்கும் நேரத்தையும் வேலை நேரமாகச் சேர்த்தது; ஆனால் அது 15 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால்தான். மணிக்கணக்கில் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதரை அந்தச் சட்டமும் கணக்கில் எடுக்கவில்லை, எங்கள் படிவமும் எடுக்கவில்லை.

என் அறிக்கையில் 'வந்த நேரம்' என்று ஒரு காலத்தைச் சேர்த்தேன். வண்டி வரிசையில் சேரும்போதே செக்யூரிட்டி ஒரு டோக்கன் கொடுத்து நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று எழுதினேன். என் வழிகாட்டியான மேலாளர் படித்துவிட்டு, "இதைப் போட்டா நம்ம சராசரி ஏறிடுமே" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏறட்டும். அப்பத்தான் தெரியும்" என்று கையெழுத்துப் போட்டார்.

சராசரி ஏறியது. லாரிகள் ஒன்றும் மெதுவாகிவிடவில்லை; முழு நேரமும் இப்போதுதான் தாளுக்கு வந்தது. டோக்கன் நேரங்களை அடுக்கிப் பார்த்தபோது, ஷிஃப்ட் தொடங்கும் வேளையில் எல்லா வண்டிகளும் வந்து மோதுவதும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டாக்குகள் காலியாகக் கிடப்பதும் பளிச்சென்று தெரிந்தன. அவசரமில்லாத பாகங்களைக் கொண்டுவரும் சில வண்டிகளின் நேரத்தை மதியத்துக்கு மாற்றினார்கள். ஒரு ரூபாய் முதலீடு இல்லாமல் காலை வரிசை குறைந்தது.

இது பாதி வேலைதான். வரிசை எவ்வளவு குறைந்தாலும் காத்திருப்பு கொஞ்சமாவது இருக்கும். அந்த நேரத்துக்கு நிழல், குடிதண்ணீர், கழிப்பறை, படுக்க ஓர் இடம் வேண்டும். கோடிக்கணக்கில் ரோபோக்களுக்குச் செலவிடும் தொழிற்பேட்டைகளுக்கு இது பெரிய செலவு அல்ல. ஒரு பாகம் லைனுக்கு வரும் வழியில் யாருடைய உழைப்பெல்லாம் இருக்கிறதோ, அவர்கள் எல்லாருக்கும் உரிய வசதி லாஜிஸ்டிக்ஸ் செலவில் சேர வேண்டும். தர்மம் செய்வதாக நினைத்து அதைத் தனிக் கணக்கில் எழுதக் கூடாது. என்னைப் போலப் பயிற்சிக்குப் போகும் மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கையில் கொடுக்கும் படிவத்தை நிரப்புவதற்கு முன், அதில் எந்தக் காலம் இல்லை என்று பாருங்கள். கேட்டுக்கு வெளியே போய், நிற்கிறவரிடம் கேளுங்கள்.

அடுத்த வாரம்: காலி பின்கள் எங்கே தொலைந்து போகின்றன?

(தொடரும்)