வலையில் ஒரு வீடு – 12: தட்டுகிறவரைத் துரத்த வேண்டாம்

ரவுட்டரின் கடவுச்சொல்லை மாற்றுவது பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். அதைப் படித்த வாசகர்கள் பலர் ஒரே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். ‘போர்ட் ஸ்கேன் தடுக்கப்பட்டது’ என்று ஆன்ட்டிவைரஸ் அடிக்கடி அறிவிக்கிறது. கூடவே ஓர் ஐபி முகவரியும் வருகிறது. அதைத் தடைப்பட்டியலில் சேர்த்தால், மறுநாள் இன்னொரு முகவரி. என் கணினியைக் குறிவைப்பது யார்?

பெரும்பாலும் யாரும் உங்களைக் குறிவைக்கவில்லை. அதற்காக இந்த அறிவிப்பை அப்படியே ஒதுக்கிவிடவும் முடியாது. இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

ஒவ்வொரு ஐபி முகவரிக்கும் 0 முதல் 65,535 வரை எண்ணிட்ட கதவுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவைதான் போர்ட்டுகள். இணையதளங்களுக்கு 443, விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்கு 445, ரிமோட் டெஸ்க்டாப்புக்கு 3389, பழைய டெல்நெட்டுக்கு 23. ஸ்கேன் செய்பவர் ஒரு சிறு பாக்கெட்டை அனுப்பிக் கதவைத் தட்டுகிறார். உள்ளே ஏதாவது மென்பொருள் காத்திருந்தால் ‘வா’ என்று பதில் போகும். யாரும் இல்லையென்றால் ‘இல்லை’ என்று போகும். ஃபயர்வால் காவலுக்கு நின்றால் பெரும்பாலும் பதிலே போகாது. ஸ்கேன் என்பது இவ்வளவுதான். தட்டியவர் இன்னும் உள்ளே வரவில்லை.

இப்படித் தட்டிப் பார்ப்பது இன்று மிக எளிது. கார்டன் லயன் என்பவர் 1997-இல் என்மேப் என்ற கருவியை வெளியிட்டார். வலைப்பின்னல் நிர்வாகிகள் தங்கள் கணினிகளைச் சோதிக்க இன்றும் அதைத்தான் எடுக்கிறார்கள். 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இசட்மேப்பைக் கொண்டுவந்தார்கள். நல்ல வேக இணைப்புள்ள ஒரே கணினியிலிருந்து, ஐபிவி4 முகவரிகள் அத்தனையிலும் ஒரு குறிப்பிட்ட போர்ட் திறந்திருக்கிறதா என்பதை 45 நிமிடங்களுக்குள் பார்த்துவிட முடியும் என்று காட்டினார்கள். மொத்த முகவரிகள் ஏறத்தாழ 430 கோடி. இப்படி ஸ்கேன் செய்வதை ஆய்வாளர்களும் செய்கிறார்கள், ஷோடான் போன்ற தேடுபொறிகளும் செய்கின்றன, திருடர்களும் செய்கிறார்கள். யாரும் உங்கள் பெயரைப் பார்த்து வரவில்லை. வரிசையில் உங்கள் எண்ணும் வந்தது, அவ்வளவே.

தட்டுகிற முகவரி யாருடையது? இதற்குப் பதில் 2016-இல் கிடைத்தது. அந்த ஆண்டு பரவிய மிராய் என்ற தீநிரல், இணையத்தில் கண்ட முகவரிகளிலெல்லாம் 23, 2323 ஆகிய போர்ட்டுகளைத் தட்டிப் பார்த்தது. திறந்திருந்தால், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொற்கள் அறுபது சொச்சத்தை வைத்துக்கொண்டு நுழையப் பார்த்தது. வீட்டுக் கண்காணிப்பு கேமராக்கள், அவற்றின் பதிவுப் பெட்டிகள், ரவுட்டர்கள் என்று லட்சக்கணக்கான கருவிகள் விழுந்தன. விழுந்த ஒவ்வொன்றும் அடுத்த வீட்டைத் தட்டப் புறப்பட்டது. அக்டோபர் 21 அன்று இந்தக் கருவிகளின் கூட்டம் டின் என்ற நிறுவனத்தின் சர்வர்களைத் தாக்கியதில், அவற்றை நம்பியிருந்த ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் அமெரிக்காவின் பல பகுதிகளில் மணிக்கணக்கில் முடங்கின. மிராயை உருவாக்கிய மூன்று இளைஞர்கள் 2017-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் தட்டிய கேமராக்களின் உரிமையாளர்களில் பெரும்பாலோருக்கு நடந்தது எதுவுமே தெரியாது.

ஆகவே அறிவிப்பில் தெரியும் முகவரி ஒரு திருடனுடையதாக இருக்க வேண்டியதில்லை. திருட்டுக் கொடுத்த இன்னொரு குடும்பத்துடையதாகவும் இருக்கலாம். அதைத் தேடிப் பிடித்துப் பதிலடி கொடுக்க நினைப்பது வீண் மட்டுமல்ல, தவறும்கூட. ஒவ்வொரு முகவரியாகத் தடுப்பதற்கும் முடிவே இல்லை.

முதலில், அந்த முகவரி எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால், தட்டுவது பெரும்பாலும் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அது ரவுட்டராகவோ பிரிண்டராகவோ டிவியாகவோ இருக்கலாம். ரவுட்டரிலிருந்து தாமதமாக வரும் பதில்களை ஸ்கேன் என்று ஆன்ட்டிவைரஸ் தவறாக எண்ணுவதும் உண்டு. ரவுட்டரின் பக்கத்தில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைத் திறந்து, எது அது என்று கண்டுபிடியுங்கள். அடையாளம் தெரியாத கருவியாக இருந்தால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

வெளி முகவரி என்றால், உங்கள் கதவுகளை எண்ணுங்கள். ரவுட்டரில் யுபிஎன்பி வசதி இயங்கினால், வீட்டிலுள்ள எந்தக் கருவியும் உங்களைக் கேட்காமலே வெளிக்கதவைத் திறந்துகொள்ளலாம். தேவையில்லையென்றால் நிறுத்துங்கள். போர்ட் ஃபார்வர்டிங் பட்டியலில் பழையவை கிடந்தால் நீக்குங்கள். ரிமோட் டெஸ்க்டாப்பை இணையத்துக்கு நேராகத் திறந்துவைக்காதீர்கள். ஐபிவி6 இணைப்பு இருந்தால், அதற்கான ஃபயர்வாலும் ரவுட்டரில் இயங்குகிறதா என்று தனியாகப் பாருங்கள்.

அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற தீநிரல் உலகெங்கும் பரவியது 445-ஆம் போர்ட் வழியாகத்தான். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே கொடுத்திருந்தது. இடையில் இருந்த இரண்டு மாதத்தில் அதைப் போட்டுக்கொண்டவர்கள் அந்த ஓட்டை வழியே வந்த தாக்குதலிலிருந்து தப்பினார்கள்.

இவ்வளவும் நம் வீட்டுக்காக. பிறருக்காகச் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. நம் கேமரா இந்த நேரத்தில் யார் வீட்டையாவது தட்டிக்கொண்டிருக்கிறதா? மிராய், தான் நுழைந்த கருவியின் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே தங்கும். மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் போய்விடும். பழைய கடவுச்சொல்லே இருந்தால் சிறிது நேரத்தில் திரும்ப வந்துவிடும். ஆகவே நிறுத்திப் போட்ட கையோடு கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். இப்படிப் பிடிபட்ட கணினிகளைச் சுத்தம் செய்ய, மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரம் 2017 முதல் இலவசக் கருவிகளைத் தருகிறது. அதையும் பயன்படுத்துங்கள்.

இணையத்தில் ஒரு வீட்டின் அலட்சியம் அந்த வீட்டோடு நிற்பதில்லை. ஸ்கேன் அறிவிப்பு வரும்போது ‘யார் தட்டுகிறார்’ என்று கேட்பதைவிட, ‘என் வீட்டிலிருந்து யாரும் தட்டப் போகவில்லையே’ என்று கேட்பதே அக்கம்பக்கத்தாருக்கு நாம் செய்யும் மரியாதை.

அடுத்த வாரம்: கண்காணிப்பு கேமரா வாங்கும்முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை.

(தொடரும்)