செம்பொன்பதின்றொடி: பத்தா, ஒன்பதா?

முப்பத்தைந்து வருஷமாக மும்பையில் பித்தளைப் பாத்திர வியாபாரம் செய்கிறேன். இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகன் ஒருமுறை திருநெல்வேலிக்காரர் ஒருவரிடம் போனில் பேசிவிட்டு, "பார்க்கலாம்னு சொல்லிட்டார்ப்பா" என்று நாற்பது குத்துவிளக்குக்கு ஆர்டர் கொடுத்துவிட்டான். சரக்கு வந்தது, அவர் எடுக்கவில்லை. நானே பேசினேன். "பார்க்கலாம்..." என்று இழுத்துக் கடைசியில் குரலைத் தாழ்த்தினார். அப்படிச் சொன்னால் 'வேண்டாம்' என்று பொருள். மகன் சொல்லைக் கேட்டான், ஓசையைக் கேட்கவில்லை. விளக்குகள் இன்னும் பரணில்தான் இருக்கின்றன.

இது நம் இலக்கணத்துக்குப் புதிதல்ல. எழுத்து ஒன்றாகவே இருந்தாலும் ஓசையால் பொருள் பிரியும் தொடர்களைத் தொல்காப்பியப் புணரியல் பேசுகிறது. அதற்கு இளம்பூரணர் காட்டும் உதாரணங்களில் ஒன்று 'செம்பொன்பதின்றொடி'. தொடி என்பது பழைய நிறையளவு. 'செம்பொன்' என்று நிறுத்திச் சொன்னால் பத்துத் தொடி தங்கம். 'செம்பு' என்று நிறுத்தினால் ஒன்பது தொடி செம்பு! உலோக வியாபாரியான எனக்கு இதைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை. இந்த வேறுபாட்டுக்கு எழுத்தில் அடையாளம் கிடையாது என்று அடுத்த நூற்பாவே சொல்லிவிடுகிறது.

13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் (எங்கள் சமண முனிவர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு) எடுத்தல், படுத்தல், நலிதல் என்ற மூன்றாலும் எழுத்தொலியில் சிறு வேறுபாடு வரும் என்கிறார். குரலை உயர்த்துவது, தாழ்த்துவது, இடைப்பட்டுச் சொல்வது.

ஆனாலும் தமிழில் குரலின் ஏற்ற இறக்கம் பேச்சின் கருத்தை மாற்றுமே தவிர, ஒரு சொல்லை வேறு சொல்லாக்காது. பஞ்சாபி அப்படியல்ல. 'கோடா' என்பதைத் தாழ்ந்த குரலில் சொன்னால் குதிரை, உயர்ந்த குரலில் தொழுநோயாளி, சமமாகச் சொன்னால் சாட்டை. லூதியானா பக்கம் போகிறவர்கள் ஜாக்கிரதை!

இங்கே வளரும் நம் பிள்ளைகளுக்கு வேறு சிக்கல். இங்கிலீஷில் எந்தச் சொல்லை அழுத்துகிறோமோ அதுதான் கேள்வி. தமிழில் "நீயா வந்தே?", "நேத்தா வந்தே?" என்று ஆகாரமே இடம் மாறும். இதைப் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். ராகம்தான் வருவதில்லை. அது புத்தகத்தில் இல்லை, வாட்ஸ்அப்பிலும் இல்லை. வாயும் காதும்தான் பள்ளிக்கூடம். ஆகவே ஞாயிறுதோறும் பேத்தியை வந்தவாசியில் இருக்கும் என் அக்காவோடு போனில் பேச வைக்கிறேன். நடுவில் இரண்டு வாரம் விட்டுப்போயிற்று. அடுத்த ஞாயிறு போனை எடுத்ததும் அக்கா, "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றாள்.

பேத்தி போனை மூடிக்கொண்டு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "தாத்தா, அத்தைப்பாட்டி திட்டுறாங்க."