அறிவுவளர்ச்சி குன்றியோரும் விளையாட்டும்

உடலும் உள்ளமும் ஒன்றையொன்று பற்றி வளர்வன என்பது கல்வியாளர் யாவரும் ஒப்பும் உண்மை. ஆதலினாலேயே வகுப்பறையோடு விளையாட்டு மைதானமும் பாடசாலையின் இன்றியமையா உறுப்பாயிற்று. ஆயின், அம்மைதானம் எல்லா மாணவருக்கும் உரியதாய் இருக்கின்றதா என வினவின், ஆம் என்று விடை கூறுதல் எளிதன்று. அறிவுவளர்ச்சி குன்றிய காரணத்தால் ஆட்டத்திற் சேர்த்துக் கொள்ளப்படாது ஓரத்தில் இருத்தப்பட்டோர் எந்நாட்டிலும் உளர். அவர்க்கு விளையாட்டு நன்மை பயக்குமா, பயக்குமாயின் எவ்வாறு, அந்நன்மை விளைதற்கு எத்தகைய ஏற்பாடுகள் வேண்டும் என்பன ஈண்டு ஆராயப்படும்.

அறிவுவளர்ச்சிக் குறைபாடு தொற்றும் நோயன்று; சித்தப்பிரமையும் அன்று. கற்கும் ஆற்றலும் சிந்திக்கும் ஆற்றலும் அன்றாட வாழ்வை நடத்தும் திறனும், வளரும் பருவத்திலேயே சராசரி நிலையினும் பெரிதுந் தாழ்ந்து நிற்றலே அக்குறைபாடாம். மக்களுள் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை இந்நிலையினர் என மதிப்பிடப்படுகின்றது. நிறமூர்த்தம் ஒன்று மிகுந்திருத்தலால் தோன்றும் டவுன் சின்ட்றோம், தாயின் கருப்பகாலத்து நேரும் சில தொற்றுக்கள், அயடீன் பற்றாக்குறை, பிறக்கும் வேளையில் மூளைக்கு ஒட்சிசன் குறைதல் முதலியன இதன் காரணங்களுட் சில. காரணம் இன்னதெனத் தெளியப்படாதோரும் பலர்.

இத்தகையோர் இயல்பிலேயே உடல் வலியும் குன்றியவர் என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவி வந்தது. அவ்வெண்ணத்திற்கு ஓரளவு சான்றும் இருந்தது. ஓடச் சொன்னால் அவர் விரைவில் இளைத்தனர். பந்தை எறிந்தால் ஏந்தத் தவறினர். பலர் உடல் பருத்துச் சோம்பியிருந்தனர். கண்டவர், அறிவின் குறையே உடலின் குறைக்குக் காரணம் என முடிவு செய்தனர். அம்முடிவை ஆராய்ந்து பார்த்தவர்களுள் ஒருவர் கனடா நாட்டு உடற்கல்வி அறிஞர் பிராங்க் ஹேடன். 1960களின் தொடக்கத்தில் ரொறன்ரோ நகரில் அவர் இப்பிள்ளைகளின் உடற்றகுதியை அளந்தபோது, அது ஏனைய பிள்ளைகளின் தகுதியினும் மிகத் தாழ்ந்திருக்கக் கண்டார். ஆனால், முறையான பயிற்சி அளித்தவிடத்து அத்தகுதி உயர்ந்தது. எனவே, அவர்களை மெலியச் செய்தது மூளையின் குறையன்று. ஓடவும் ஆடவும் இடங்கொடாது உட்கார்த்தி வைத்த வாழ்க்கை முறையே என்பது புலனாயிற்று.

இம்முடிவின் பொருள் ஆழமானது. குறைபாட்டின் விளைவு என்று நாம் கருதுவனவற்றுள் எத்துணை அக்குறைபாட்டினின்று எழுந்தவை, எத்துணை நாம் வாய்ப்பு மறுத்ததினின்று எழுந்தவை என்று பகுத்துக் காணுமாறு அது நம்மைத் தூண்டுகின்றது.

இவ்வுண்மையை உலகறியச் செய்தவர் யூனிஸ் கெனடி சிறைவர் என்னும் அமெரிக்கப் பெண்மணி. அவர் ஐக்கிய அமெரிக்காவின் குடித்தலைவராயிருந்த யோன் கெனடியின் தங்கை. அவர்தம் மூத்த சகோதரி ரோஸ்மேரி 1918 இற் பிறந்தவர், அறிவுவளர்ச்சி மந்தமானவர். எனினும், இளமையில் உடன்பிறந்தாரோடு நீந்தியும் படகோட்டியும் மகிழ்ந்தவர். 1941 இல் தந்தையாரின் ஏற்பாட்டில் அவருக்கு மூளையிற் சத்திரசிகிச்சை ஒன்று செய்யப்பட்டது. அதன்பின் நடையும் பேச்சும் பெரிதுஞ் சிதைந்து, 2005 இல் இறக்கும்வரை பிறர் பராமரிப்பிலேயே அவர் வாழ நேர்ந்தது. செல்வமும் செல்வாக்கும் மிக்க குடும்பத்திலேயே இச்செய்தி நெடுங்காலம் மறைத்து வைக்கப்பட்டிருந்தது எனின், ஏனைய இல்லங்களின் நிலை கூற வேண்டியதில்லை. 1962 இல் யூனிஸ் அம்மையார் தம் சகோதரியின் குறைபாட்டைப் பத்திரிகைக் கட்டுரை ஒன்றில் வெளிப்படையாக எழுதினார். அதே ஆண்டின் கோடையில் மேரிலாந்து மாநிலத்திலிருந்த தம் வீட்டின் பரந்த வளவில் இத்தகைய பிள்ளைகளுக்கு விளையாட்டு முகாம் ஒன்றையும் நடத்தினார். ஏறத்தாழப் பிள்ளை ஒன்றுக்கு ஒருவராக இளைஞர் துணைநிற்க, அப்பிள்ளைகள் நீந்தினர், குதிரை ஏறினர், பந்து உதைத்தனர். இயலாது என்று பிறர் கூறியன பலவும் இயன்றன.

அம்முகாமினின்று எழுந்ததே விசேட ஒலிம்பிக் இயக்கம். 1968 ஆம் ஆண்டு யூலை மாதம் 20 ஆந் திகதி சிக்காகோ நகரின் சோல்ஜர் பீல்ட் அரங்கில் முதலாவது போட்டி நடைபெற்றது. ஐக்கிய அமெரிக்காவினின்றும் கனடாவினின்றும் ஏறத்தாழ 1,000 மெய்வல்லுநர் பங்குபற்றினர். மாபெரும் அவ்வரங்கில் அன்று காணவந்தோரோ மிகச் சிலர். 1988 இல் சர்வதேச ஒலிம்பிக் குழு இவ்வியக்கத்தை அங்கீகரித்தது. 2003 இல் கோடைகாலப் போட்டிகள் முதன்முறையாக ஐக்கிய அமெரிக்காவுக்கு வெளியே, அயர்லாந்தின் டப்ளின் நகரில் நடைபெற்றபோது, அந்நாட்டின் ஊர்கள் பல வெவ்வேறு நாட்டுக் குழுவினரை விருந்தினராக ஏற்று உபசரித்தன. ஆளற்ற அரங்கினின்று ஊரார் எதிர்கொண்டழைக்கும் நிலைவரை சென்றமையே இவ்வியக்கத்தின் வரலாறு எனலாம்.

இனி, இவ்விளையாட்டு அமைக்கப்படும் முறையை நோக்குவோம். ஓட்டப்பந்தயம் ஒன்றில் வலியோரையும் மெலியோரையும் ஒருசேர நிறுத்தின், மெலியோர் என்றுந் தோற்பர். என்றுந் தோற்பவர்க்கு முயற்சியிற் பற்று உண்டாகாது. எல்லார்க்கும் வெற்றி என்று கூறிப் பரிசு வழங்கினோ அது போட்டியாகாது. பங்குபற்றினோரும் அதனை உணர்வர். இவ்விரு வழுவும் நேராதபடி, விசேட ஒலிம்பிக்கில் முதற்கண் தகுதிகாண் சுற்று ஒன்று நடத்தப்படும். அதிற் காட்டிய திறமைக்கேற்பவும், வயதுக்கும் பாலுக்கும் ஏற்பவும், மூவர் முதல் எண்மர் வரை கொண்ட பிரிவுகளாகப் போட்டியாளர் வகுக்கப்படுவர். ஏறக்குறைய நிகரானவரோடே ஒவ்வொருவரும் பொருதலால், மெதுவாக ஓடுவோரின் பந்தயத்திலும் இறுதிக்கோடு வரை வெற்றி யாருக்கென்பது தெரியாது. அங்கே பெறும் பதக்கம் இரக்கத்தால் ஈந்ததன்று, உழைத்து ஈட்டியது. மேலும், உயர்நிலைப் போட்டிகளுக்கு மிக விரைந்தோடுவோர் மட்டும் தெரியப்படுவதில்லை. பிரிவுதோறும் வென்றோருள் திருவுளச்சீட்டு முறையாலும் தெரிவு நடைபெறும். ஆதலின் மிக மெதுவாக ஓடுபவருக்கும் கடல் கடந்து சென்று தம் நாட்டின் பெயரால் ஓடும் பேறு வாய்க்கக்கூடும்.

பயிற்றும் முறையும் தனித்தன்மை வாய்ந்தது. பந்தெறிதல் பார்ப்பவர்க்கு ஒரு செயல். கற்பவர்க்கோ அது பல செயல்களின் தொகுதி. கால்களை ஊன்றி நிற்றல், பந்தைப் பற்றுதல், கையைப் பின்வாங்குதல், இலக்கை நோக்குதல், விடுத்தல் என ஒவ்வொன்றையும் பயிற்றுநர் தனித்தனியே பிரித்துக் கற்பிப்பர். முதலிற் சொல்லுதல், அது போதாவிடிற் செய்து காட்டுதல், அதுவும் போதாவிடிற் கைபிடித்துச் செய்வித்தல், பின் சிறிது சிறிதாகக் கையை விடுதல் என்பதே ஒழுங்கு. கைபிடித்தலினும் உரிய காலத்தில் விடுதலே அரிய கலை என்பதை ஆசிரியர் யாவரும் அறிவர்.

இங்ஙனம் அமைந்த விளையாட்டால் விளையும் நன்மைகள் பல. இருதயமும் தசைகளும் வலுப்பெறும், உடற்பருமன் குறையும், சமநிலையும் அங்க ஒத்திசைவும் சீர்படும். எனினும், உடலியல்பு அறிந்தே பயிற்சி அளித்தல் வேண்டும். டவுன் சின்ட்றோம் உடையோர் சிலருக்குக் கழுத்தின் மேலென்புகள் உறுதியற்றிருக்கும். பலருக்கு இருதயக் குறைபாடும் உண்டு. ஆதலின் மருத்துவப் பரிசோதனை முன்னதாக வேண்டப்படும். 1997 முதல் இவ்வியக்கம் போட்டி நடக்குமிடத்திலேயே கண், காது, பல், பாதம் முதலியவற்றை இலவசமாகப் பரிசோதித்து வருகின்றது. நோவைச் சொல்லத் தெரியாமையாலும் கேட்பார் இன்மையாலும் கவனியாது விடப்பட்ட குறைகள் பல அங்கே வெளிப்பட்டன. பார்வை மங்கலாயிருந்தமையாற் பந்தை ஏந்தாதவனை அறிவின்மையால் ஏந்தாதவன் என்று கருதுதல் எத்துணைப் பிழை!

உள்ளத்திற்கு வரும் பயனும் சிறிதன்று. முறை வரும்வரை காத்திருத்தல், விதிக்கு அடங்குதல், தோல்வியைத் தாங்குதல், குழுவினரோடு இணங்குதல், வேளைக்கு வந்து சேர்தல் ஆகியன மைதானத்திற் பழகி, தொழிலிடத்தும் வீட்டிடத்தும் உதவுவன. இவற்றினும் மேலானது, பிள்ளையைப் பற்றிப் பெற்றோர் கொண்ட எண்ணம் மாறுவதாகும். மகன் பந்தய எல்லையை அடையக் கண்ட தாய், அவன் தனியே கடைக்குச் சென்றுவரவுங் கூடும் என எண்ணத் தலைப்படுகின்றாள். விளையாட்டு இக்குறைபாட்டை நீக்கும் மருந்தன்று. அவ்வாறு கூறுதல் பொய்யாகும். குறைபாட்டின்மேல் ஏற்றி வைத்த வீண் சுமையை இறக்குவதே அதன் பயன்.

இவ்வியக்கத்தின்மேற் குறை கூறினோரும் உளர். வளர்ந்தோரையும் குழந்தைகள்போல் நடத்தி, எல்லைக்கோட்டில் நின்று கட்டியணைக்கும் வழக்கம் அவர்தம் மதிப்பைக் குறைக்கின்றது என்றும், தனிப் போட்டிகள் அவர்களை மேலும் பிரித்துவைக்கும் என்றும் அவர் கூறினர். இவை புறக்கணிக்கத்தக்கன அல்ல. குறைபாடுடையோரும் அஃதில்லாதோரும் ஒரே அணியில் ஆடும் ஒருங்கிணைந்த விளையாட்டு முறை 1980களின் இறுதியிற் பரவத் தொடங்கியமை பின்னைய குறைக்கு ஒரு விடையாகும். அவ்வணியிற் கற்பவர் ஒரு சாரார் மட்டுமல்லர். உடன் ஆடுவோரும் மனிதரை மதிப்பிடக் கற்கின்றனர்.

நேர்மையின்மையால் நேர்ந்த இடர் ஒன்றும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. 2000 இற் சிட்னியில் நடந்த பராலிம்பிக் போட்டியில், அறிவுவளர்ச்சி குன்றியோருக்கான கூடைப்பந்தாட்டத்தில் வென்ற ஸ்பானிய அணியின் பன்னிருவருள் பதின்மர் அக்குறைபாடு இல்லாதவர் என்பது பின்னர் வெளிப்பட்டது. பதக்கங்கள் பறிக்கப்பட்டன. ஆயின், தண்டனை அவரோடு நிற்கவில்லை. குறைபாட்டை உறுதிசெய்யும் முறை சீராகும்வரை இப்பிரிவினர் அனைவரும் பராலிம்பிக்கினின்று விலக்கப்பட்டனர். 2012 இல் இலண்டனிலேயே மெய்வல்லுநர் போட்டி, நீச்சல், மேசைப்பந்து ஆகியவற்றில் அவருக்கு மீண்டும் இடம் கிடைத்தது. வலியோர் செய்த வஞ்சனைக்கு மெலியோர் இருமுறை வாய்ப்பிழந்தனர்.

தொகுத்து நோக்குங்கால், விளையாட்டு இவர்க்கு நன்மை பயப்பது இரக்கத்தின் வழியாக அன்று, நீதியான ஏற்பாட்டின் வழியாகவே என்பது தெளிவாகும். நிகரானவரோடு போட்டி, பொறுமையான பயிற்சி, உடலறிந்த கவனிப்பு, ஒருங்கு ஆடும் வாய்ப்பு என்பனவே அவ்வேற்பாடு. இவற்றுள் எதற்கும் பெரும் பொருள் வேண்டியதில்லை. வேண்டுவது, இவரால் இயலாது என்று முற்கூட்டியே தீர்ப்புச் செய்யாத மனமேயாம். சோல்ஜர் பீல்ட் அரங்கில் அன்று ஓடியவர்கள் உலகிற்குக் காட்டியதும் அதுவே. பாடசாலை மைதானத்தின் ஓரத்தில், ஏனையோரின் சட்டைகளுக்குக் காவலாக ஒரு பிள்ளை இருத்தப்பட்டிருக்குமாயின், அப்பிள்ளையின் இயலாமையை அளக்குமுன் அதற்குக் கொடுக்கப்பட்ட வாய்ப்பினை அளந்து பார்த்தல் ஆசிரியர், மாணவர் யாவர்க்குங் கடனாகும்.