சாணைக்கு இணங்குகிற கத்தி

அமாவாசை என்றால் மேல்மலையனூரில் எலுமிச்சம்பழத்துக்குக் கிராக்கி. அங்காளம்மனுக்கு மாலை கட்ட, சூலத்தில் குத்த, புது வண்டியின் சக்கரத்தடியில் வைக்க, கண்ணேறு கழித்து இரண்டாக அரிந்து குங்குமம் தடவ என்று எல்லாவற்றுக்கும் பழம் வேண்டும். நாள் முழுவதும் எலுமிச்சை அரிகிற ஒரு கத்தியின் வாயில் என்ன நடக்கிறது என்று கவனித்தாலே போதும். சட்டைப்பையில் வைத்துக்கொள்ள ஒரு மடக்குக் கத்தி வாங்க நினைப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அதிலேயே இருக்கிறது.

எலுமிச்சைச் சாற்றில் ஐந்தாறு சதவீதம் சிட்ரிக் அமிலம். பட்டறையில் அடித்த கரி எஃகுக் கத்தியில் அது பட்டதும் இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையத் தொடங்குகிறது. முதலில் பளபளப்பு மங்கும், பிறகு சாம்பல் படரும், துடைக்காமல் வைத்தால் மறுநாள் செம்பழுப்புத் துரு. மாவடு, நெல்லிக்காய், வாழைப்பூ நறுக்கினால் கத்தி கறுப்பதற்குக் காரணம் வேறு. அவற்றில் உள்ள துவர்ப்புப் பொருளான டானின் இரும்போடு சேர்ந்து கறுப்பு நிறச் சேர்மம் ஆகிறது. கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சியது இதே வேதியியல்தான். துருவும் இந்தக் கறுப்பும் ஒன்றல்ல. கறுப்பு மெல்லியதாகப் படிந்து நின்றுவிடும், துருவோ உள்ளே அரித்துக்கொண்டு போகும். முக்கியமாக அது அரிப்பது கத்தியின் வாயை. கூர்முனை என்பது ஒரு மைக்ரோமீட்டருக்கும் மெல்லிய விளிம்பு. கண்ணுக்குத் தெரியாத அளவு துரு பிடித்தாலும் அந்த விளிம்பு போய்விடும். ஒன்றுமே வெட்டாமல் டிராயரில் கிடந்த கத்தி மழுங்கிப் போயிருப்பது இதனால்தான்.

இவ்வளவு தொல்லை கொடுக்கும் கரி எஃகை ஏன் இன்னும் விடவில்லை? கூருக்காக. இரும்பில் கரி கலந்தால்தான் அது கடினப்படும். காய்ச்சிச் சிவந்த எஃகைத் தண்ணீரில் தோய்க்கும்போது, இரும்பு அணுக்களின் அடுக்குக்குள் கரி அணுக்கள் வெளியேற வழியில்லாமல் சிக்கிக்கொள்கின்றன. நெருக்கிக்கொண்டு நிற்கும் அந்த அமைப்புக்கு மார்ட்டென்சைட் என்று பெயர். கடினம் அங்கிருந்து வருகிறது, நொறுங்கும் குணமும் அங்கிருந்தே. அதனால் தோய்த்த எஃகை மறுபடி மிதமாகச் சூடுகாட்டிப் பதப்படுத்துகிறார்கள். அரிவாளைக் காய்ச்சி அடிக்கக் கொடுக்கும் விவசாயிக்கு இது புதிதல்ல. லாரியின் ஸ்பிரிங் பட்டாவைத் தேடிப் பிடித்துக் கத்தி அடிக்கும் கொல்லர்கள், அதில் கரி போதுமான அளவு இருப்பதை அனுபவத்தில் அறிந்தவர்கள்.

இந்த அறிவுக்கு இதே மண்ணில் ஆழமான வேர் உண்டு. பழைய தென்னாற்காடு மாவட்டம் இன்று பல மாவட்டங்களாகப் பிரிந்துவிட்டது. செஞ்சியும் மேல்மலையனூரும் அதில் இருந்தவை, மேல்சிறுவளூரும் அதில்தான் இருந்தது. உலோகவியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் 1990-களில் மேல்சிறுவளூரில் உடைந்த மூசைத் துண்டுகளை ஆராய்ந்து, அங்கே மூசை எஃகு உருக்கப்பட்டதை எடுத்துக்காட்டினார். உலகம் ஊட்ஸ் என்று அழைத்த எஃகு அது. சிறு களிமண் மூசையில் இரும்புத் துண்டுகளையும் கரி தரும் தாவரப் பொருளையும் இட்டு, வாயை மூடி, மணிக்கணக்கில் உலையில் ஊதுவார்கள். ஆவாரங்கட்டையைப் போட்டு எருக்கிலையால் மூடுவார்கள் என்று 19-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். அவர் இதே தென்னாற்காட்டில், பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை நடத்தியவர். பிறகு இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்குப் போய், எஃகில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு கத்தித் தொழில் அதனால் செழித்தது. சாலையோரத்தில் நாம் பிடுங்கி எறியும் எருக்கும் ஆவாரையும் ஒரு காலத்தில் உலகின் சிறந்த கத்திகளுக்கு உள்ளே போயிருக்கின்றன. பள்ளிப் பாடத்தில் இதற்கு இன்னும் பெரிய இடம் தந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

லண்டனில் மைக்கேல் ஃபாரடேயும் கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் இந்த ஊட்ஸின் ரகசியத்தைப் பிடிக்க முயன்று, 1820, 1822 ஆண்டுகளில் எஃகுக் கலவைகள் பற்றிக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். ஃபாரடே ஒரு கொல்லரின் மகன். ரகசியம் அவர்களுக்கு முழுமையாகப் பிடிபடவில்லை. ஆனால் எஃகில் வேறு உலோகங்களைக் கலந்து பார்க்கும் பழக்கம் அங்கிருந்து வலுப்பெற்றது. 1821-இல் பிரான்சின் பியேர் பெர்த்தியே குரோமியம் கலந்த இரும்பு அமிலத்தைத் தாங்குவதைக் கண்டார். 1913 ஆகஸ்டில் ஷெஃபீல்டில் துப்பாக்கிக் குழல்களுக்காக எஃகு தேடிக்கொண்டிருந்த ஹாரி பிரியர்லி, 12.8 சதவீதம் குரோமியம் கொண்ட எஃகை வார்த்தார். காடி பட்டாலும் எலுமிச்சை பட்டாலும் கறை ஏறாத கத்தி அதிலிருந்து பிறந்தது. குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து எஃகின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் போர்த்துகிறது. கீறினால் தானே மறுபடி மூடிக்கொள்ளும் படலம் அது.

அந்த முதல் வார்ப்பில் கரி வெறும் 0.24 சதவீதம். கறை ஏறவில்லை, கூரும் நிற்கவில்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று பிரியர்லியை ஷெஃபீல்டிலேயே கேலி செய்தார்கள். அதன்பிறகு கத்தி எஃகின் வரலாறு முழுவதும் இந்த இழுபறிதான்: கூருக்குக் கரி வேண்டும், துருவைத் தடுக்கக் குரோமியம் வேண்டும், ஆனால் கரி அதிகமானால் அது குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு கார்பைடு துகள்களாகிவிடும், படலம் போர்த்தக் குரோமியம் மிஞ்சாது. டி-2 என்ற எஃகில் 12 சதவீதம் வரை குரோமியம் இருந்தும் அது துருப்பிடிப்பதற்குக் காரணம், கூடவே ஒன்றரை சதவீதக் கரியும் இருப்பது. ஆகவே பெட்டியின் மேல் அச்சிட்ட குரோமியக் கணக்கை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. ஸ்வீடனின் சாண்ட்விக் 12சி27 போன்ற எஃகில் கரி 0.6 சதவீதம், குரோமியம் 13 சதவீதத்துக்கும் சற்று மேல். இந்த அளவில் இரண்டும் சமாதானமாக இருக்கின்றன. பிரான்சின் ஒப்பினெல் மடக்குக் கத்திகளின் துருப்பிடிக்காத வகையில் இருப்பது இதற்கு நெருங்கிய உறவான எஃகு.

இனி கடினம். கத்தி விற்பவர்கள் கடினத்தை அளக்கும் ராக்வெல் எண்ணைச் சொல்லி மயக்குவார்கள். எண் கூடினால் கூர் நீண்ட நாள் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் கூடவே விளிம்பு சிதறும் அபாயமும் கூடும். மேல்மலையனூரில் குலதெய்வத்துக்கு மொட்டை போடுகிற இடத்தில் பிளேடுகள் எவ்வளவு சீக்கிரம் மாற்றப்படுகின்றன என்று பாருங்கள். முடியைவிட ஐம்பது மடங்கு கடினமானது சவர பிளேடின் எஃகு. பிறகு எப்படி முடி அதை மழுக்குகிறது? அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜெம் தாசன் குழு 2020-இல் இதைச் சோதித்து ‘சயின்ஸ்’ இதழில் எழுதியது. விளிம்பு சீராகத் தேய்வதில்லை. முடி வளைந்து, ஒரு குறிப்பிட்ட கோணத்தில், எஃகின் உள்ளமைப்பு சீரற்றிருக்கும் இடத்தில் அழுத்தும்போது அங்கே ஒரு சில்லு பெயர்கிறது. மென்மையான முடிக்கே இந்தக் கதி என்றால் மணலோடு வருகிற மணிலாக்கொட்டை மூட்டையின் சணலை அறுக்கும் கத்திக்கு என்ன ஆகும்? அதற்குச் சிதறாத எஃகு வேண்டும், மழுங்கினால் சீக்கிரம் தீட்டவும் வர வேண்டும். சுவிஸ் ராணுவக் கத்தியை விக்டோரினாக்ஸ் நிறுவனம் வேண்டுமென்றே 56 ராக்வெல் அளவில் நிறுத்தியிருப்பதை நான் மதிக்கிறேன். விலையுயர்ந்த பொடி உலோக எஃகுகள் 60-ஐத் தாண்டும். அவற்றைத் தீட்ட வைரத்தூள் கல் வேண்டும். செஞ்சிக் கடைத்தெருவில் வாங்கும் சாதாரணச் சாணைக்கல் அவற்றின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். உங்கள் ஊர்க் கல்லுக்கு இணங்காத எஃகு எவ்வளவு உயர்ந்ததானாலும், முதல் கூர் போனதும் அது உங்களுக்கு வெறும் தகடு.

சாணை பிடிக்கிறவரிடம் கொடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சைக்கிள் சக்கரத்தில் சுழலும் கல் உலர்ந்த கல். பொறி பறக்கிறபோது கத்தியின் மெல்லிய விளிம்பு கடுஞ்சூடாகிறது. விளிம்பு நீலம் பாரித்தால் சூடு சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது என்று பொருள், கொல்லர் ஏற்றிய பதம் அந்த இடத்தில் இறங்கிவிட்டது. லேசாக வைத்து எடுத்து, நடுநடுவே தண்ணீரில் முக்கச் சொல்லுங்கள். பொறிகளையும் பாருங்கள்: கரி நிறைந்த எஃகின் பொறி நட்சத்திரமாக வெடித்துக் கிளைக்கும், குரோமிய எஃகின் பொறி அவ்வளவாக வெடிக்காது. கத்தி எதனால் ஆனது என்பதற்குப் பெட்டியைவிட நம்பகமான சாட்சி அது.

அறுப்பதன் இயற்பியலையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தக்காளியைக் கத்தியால் அழுத்தினால் நசுங்குகிறது, இழுத்தால் அறுபடுகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து இப்போது ஹார்வர்டில் இருக்கும் எல். மகாதேவனும் அவருடைய குழுவினரும் 2012-இல் மென்மையான ஜெல்களை மெல்லிய கம்பியால் அறுத்து ஆராய்ந்தார்கள். கீழே அழுத்துவதோடு பக்கவாட்டில் இழுப்பும் சேர்ந்தால், வெட்டு தொடங்கத் தேவையான அழுத்தம் பெரிதும் குறைகிறது என்று காட்டினார்கள். இழுப்பதற்கு நீளம் வேண்டும். இரண்டு அங்குலத்துக்கும் குட்டையான கத்தி பழம் அரிய லாயக்கில்லை என்பதற்குக் காரணம் இதுதான். ஏழெட்டு சென்டிமீட்டர் போதும். முதுகுத் தடிமன் சுமார் இரண்டு மில்லிமீட்டர் இருக்கட்டும். தடித்த கத்தி ஆப்பு மாதிரி பிளக்கும், அறுக்காது.

மடக்குக் கத்தியின் பலவீனம் அதன் மூட்டு. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் கிடைத்த, ஏறத்தாழ 2,500 ஆண்டுப் பழமையான எலும்புப்பிடி மடக்குக் கத்திக்கும் நம்முடையதற்கும் இந்தப் பிரச்சினை பொது. தன் பக்கம் இழுத்து அறுக்கும் வரை விசை கத்தியைத் திறந்தே வைத்திருக்கும். குத்தினாலோ முறுக்கினாலோ முதுகில் விசை விழுந்து கத்தி விரல்களின் மேல் மடங்கும். சாதாரணப் பேனாக்கத்தியில் ஒரு முதுகு ஸ்பிரிங் மட்டுமே இதைத் தடுக்கிறது. 1890-இல் ஜோசப் ஒப்பினெல் வடிவமைத்த கத்தியில் மரப்பிடியின் உராய்வுதான் பிடிப்பு. 1955-இல் அவர் குடும்பத்தாரே கழுத்தில் திருகும் உலோக வளையத்தைச் சேர்த்தார்கள். என் தேர்வு இந்த வளையப் பூட்டுதான்: மூடும்போது கட்டைவிரல் கத்தியின் பாதையில் நிற்க வேண்டியதில்லை, பழுதாகச் சிறிய ஸ்பிரிங்கும் இல்லை. பக்கத்தகடு பூட்டு உள்ள கத்திகளில் அந்தக் கட்டைவிரலுக்கு ஆபத்து உண்டு. வளையக் கத்தியிலும் ஒரு குறை இருக்கிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் மரப்பிடி ஊறிப் பருத்தால் கத்தி வெளியே வர மறுக்கும். மழை தொடங்கும் முன் மூட்டில் கொஞ்சம் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் போதும், ஆனால் அது பிசுக்காவதற்குள் துடைத்து மறுபடி விட வேண்டும்.

சினிமாவில் ராம்பூர் கத்தி ரவுடியின் கையில் இருந்து இருந்து, மடக்குக் கத்தி என்றாலே சந்தேகக் கண் வந்துவிட்டது. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் சொல்வது வேறு: 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளே ஆயுதப் பட்டியலில் வருகின்றன, அதிலும் வீட்டுக்கும் வேளாண்மைக்கும் என்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. மூன்று அங்குலக் கத்தி அதில் வராது. ஆனாலும் விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது. அமாவாசைக் கூட்டத்தில் இடிபடும்போது பட்டனைத் தட்டினால் பாயும் கத்தியைப் பையில் வைத்திருப்பது யாருக்கும் நல்லதல்ல. அந்த வகையை வாங்கவே வேண்டாம்.

கடையில் வாங்கும்போது திறந்து, வெட்டுவாய் உங்களைப் பார்க்குமாறு திருப்பி வெளிச்சத்தில் பிடியுங்கள். விளிம்பில் வெள்ளைக் கோடு மின்னினால் அந்த இடம் மழுங்கல், கூர்மையான விளிம்பு ஒளியைத் திருப்பித் தராது. கத்தியைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், மூட்டு ஆடக் கூடாது. மூடியபின் கத்தி பிடியின் நடுவில் உட்கார வேண்டும், ஒருபக்கம் உரசக் கூடாது. பூட்டைப் போட்டுவிட்டு, விரல்களை வெட்டுவாயின் வழியிலிருந்து விலக்கிக்கொண்டு, முதுகை மேசை விளிம்பில் மெதுவாக அழுத்துங்கள். அதற்கே இளகினால் அந்தக் கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.