இயந்திரத்தின் ஐயமும் அரசின் பொறுப்பும்

அரசாங்கம் என்பது பொதுமக்களுக்குப் பெரும்பாலும் ஒரு காரியாலயத்தின் வடிவிலேயே காட்சியளிக்கின்றது. விண்ணப்பம் கொடுப்பவர் அதனைப் பெற்றுக்கொள்ளும் இலிகிதரையும், அதன்மேல் ஒப்பமிடும் உத்தியோகத்தரையும் அறிவார். விண்ணப்பம் மறுக்கப்படின், "ஏன்?" என்று கேட்பதற்கு அங்கே ஒருவர் இருப்பார். அவர் கூறும் விடை திருப்தி அளியாதாயின் மேலதிகாரியிடமோ நீதிமன்றத்திடமோ முறையிடலாம். "ஏன்" என்னும் இவ்வொரு சொல்லிலே நல்லாட்சியின் பெரும்பகுதி அடங்கியுள்ளது. செயற்கை நுண்ணறிவு எனப்படும் கணினி முறைகள் அரசாங்கத் திணைக்களங்களிற் புகுந்துவரும் இக்காலத்தில், அக்கேள்விக்கு விடை கூறுவோர் யார் என்பது ஆராயத்தக்கது.

இம்முறைகள் தொழிற்படும் வகை விளங்குதற்கு அரியதன்று. முன்னர்த் தீர்க்கப்பட்ட பல்லாயிரம் விண்ணப்பங்கள், சரியானவை இவை, பிழையானவை இவை என்னும் குறிப்போடு கணினிக்கு ஊட்டப்படுகின்றன. பிழையானவற்றுள் அடிக்கடி காணப்படும் இயல்புகளை அது கண்டுகொள்கின்றது. பின்னர்ப் புதிய விண்ணப்பம் ஒன்று வரும்போது, அவ்வியல்புகளோடு அஃது எவ்வளவு ஒத்துள்ளது என்பதைக் கணக்கிட்டு ஓர் எண்ணைக் கொடுக்கின்றது. அவ்வெண் ஒப்புமையைக் காட்டுவதேயன்றிக் குற்றத்தைக் காட்டுவதன்று. திருடன் ஒருவன் வெள்ளைச் சட்டை அணிந்திருந்தமையால் வெள்ளைச் சட்டை அணிந்தோர் யாவரும் திருடராகார்.

இவ்வேறுபாட்டை மறந்தால் விளையும் கேட்டிற்கு நெதர்லாந்து தேசத்தில் நிகழ்ந்தது சான்றாகும். அங்கே தொழில் செய்யும் பெற்றோர் தம் பிள்ளைகளைப் பராமரிப்பு நிலையங்களில் விடுவதற்கு ஆகும் செலவில் ஒரு பகுதியை அரசாங்கம் முற்பணமாகக் கொடுத்து உதவிவந்தது. அதனை வழங்கும் பொறுப்பு வரித் திணைக்களத்தைச் சார்ந்தது. எவ்விண்ணப்பங்களை மேலும் சோதித்தல் வேண்டும் என்பதைத் தெரிவதற்கு, 2013 ஆம் ஆண்டு முதல் அத்திணைக்களம் தானே கற்றுக்கொள்ளும் கணினி முறை ஒன்றைக் கையாண்டது. விண்ணப்பகாரர் அந்நாட்டுக் குடியுரிமை உடையவரா அல்லரா என்பதும் அம்முறை நோக்கிய குறிகளுள் ஒன்று. உயர்ந்த எண் பெற்ற விண்ணப்பங்கள் உத்தியோகத்தரின் பார்வைக்கு அனுப்பப்பட்டன. ஆயினும், அவ்வெண் ஏன் உயர்ந்தது என்பது அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. காரணம் அறியாத ஒருவர் பிறருக்குக் காரணம் கூறுதல் எங்ஙனம்?

ஐயத்துக்கு ஆளான குடும்பங்கள் பட்ட துன்பம் பெரிது. ஓர் ஒப்பம் விடுபட்டமை, தாம் செலுத்தவேண்டிய பங்கிற் சிறுதொகை குறைந்தமை போன்ற அற்பத் தவறுகளுக்காகவும், பெற்ற உதவிப்பணம் முழுவதையும் திருப்பிச் செலுத்துமாறு கட்டளை பிறந்தது. பல்லாயிரம் யூரோ கடன் தலைமேல் விழ, வீடிழந்தோர், தொழிலிழந்தோர், மணவாழ்வு முறிந்தோர் பலர். பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பெற்றோரைப் பிரிந்து பிற இடங்களில் வளர நேர்ந்தது.

இதற்குக் கணினியை மாத்திரம் குற்றஞ் சாட்டுதல் பொருந்தாது. சிறு பிழைக்கும் முழுத்தொகையையும் மீளப்பெற வேண்டும் எனச் சட்டத்திற்குக் கடும்பொருள் கொண்டோர் மனிதரே. நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றமும் 2019 ஆம் ஆண்டு வரை அப்பொருளை ஏற்றிருந்தது. கணினி செய்தது யாதெனில், அக்கடுமை எவர்மேல் விழவேண்டும் என்பதை ஒருவராலும் விளக்கவியலாத முறையிலே தெரிந்து கொடுத்தமையே. உத்தியோகத்தர் கணினியை நம்பினார். மேலதிகாரி உத்தியோகத்தரை நம்பினார். நீதிமன்றம் திணைக்களத்தை நம்பியது. பொறுப்பு கைமாறிக் கைமாறி ஈற்றில் ஒருவரிடமும் இல்லாது மறைந்தது.

2020 டிசம்பரில் பாராளுமன்ற விசாரணைக் குழு இதனை முன்னொருபோதும் காணாத அநீதி என அறிக்கை செய்தது. 2021 ஜனவரி 15 ஆம் திகதி பிரதமர் மார்க் ருட்டேயின் அமைச்சரவை பதவி விலகியது. பாதிக்கப்பட்ட பெற்றோருக்குக் குறைந்தது 30,000 யூரோ நட்டஈடு வழங்கத் தீர்மானிக்கப்பட்டது. குடியுரிமை விவரங்களைச் சட்டத்துக்கு மாறாகக் கையாண்டமைக்காக வரித் திணைக்களத்துக்கு 27,50,000 யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. மக்கள் வரிப்பணத்திலிருந்தே தண்டமும் நட்டஈடும் செலுத்தப்படும் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இவ்வனுபவம் வீண்போகவில்லை. அரசாங்கம் கையாளும் கணினி முறைகளை யாவரும் அறியுமாறு பதியும் பகிரங்கப் பதிவேடு ஒன்றை நெதர்லாந்து 2022 டிசம்பரில் தொடங்கியது. 2024 ஆகஸ்டு முதலாம் திகதி அமுலுக்கு வந்து படிப்படியாக நடைமுறைப்படுத்தப்படும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், அரசாங்க உதவிக்குத் தகுதியுடையோரைத் தீர்மானிக்கும் முறைகளை ஆபத்து மிகுந்தவை என வகுத்து, அவற்றை மனிதர் மேற்பார்வை செய்தல் வேண்டும் என விதிக்கின்றது.

மேற்பார்வை என்பது கணினி கூறியதன்கீழ் ஒப்பமிடுவதன்று. உத்தியோகத்தருக்குக் காரணத்தை அறியும் வசதியும், கணினியின் முடிவை மறுக்கும் அதிகாரமும், ஆராய்வதற்கு வேண்டிய அவகாசமும் இருத்தல் வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறையினும் மேற்பார்வை பெயரளவிலேயே நிற்கும். அன்றியும், முடிவினாற் பாதிக்கப்படுபவர் தம்மைப்பற்றிய முடிவின் காரணத்தைத் தமக்கு விளங்கும் மொழியிற் கேட்டறியவும், மேன்முறையீடு செய்யவும் வழி இருத்தல் வேண்டும். அம்முறையீடு தீரும்வரை பணத்தை அறவிடாதிருத்தலும் முறையாகும்.

பழந்தமிழ் அரசர் வாயிலிலே ஆராய்ச்சி மணி தொங்கியதாகக் கூறுவர். மணியின் சிறப்பு அதன் ஓசையிலன்று. ஓசை கேட்டு அரசன் எழுந்து வந்து விடை கூறியதிலேயே உள்ளது. இயந்திரம் எத்துணை நுட்பமுடையதாயினும், மணி அடித்தவர் முன் வந்து விடை கூறும் கடமை மனிதருக்கே உரியது.